மில்லில் ஒரு வருடம்: சிஏ இண்டஸ்ட்ரியல் டிரெய்னிங், நெல்லை அனுபவம்

கல்லிடைக்காரி
8 நவம்பர் 2025, இரவு 9:40

சிஏ படிக்கிறவர்கள் ஆடிட்டரிடம் பெறும் நடைமுறைப் பயிற்சியான ஆர்ட்டிகிள்ஷிப்பின் கடைசி வருடத்தை ஆடிட்டர் அலுவலகத்திலேயே முடிப்பதா, கம்பெனிக்குப் போவதா என்று இங்கே அடிக்கடி கேட்கிறார்கள். நான் போய்விட்டு வந்தவள். ஜனவரி பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். மறந்துபோவதற்குள் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

எனக்கு ஊர் கல்லிடைக்குறிச்சி. 2023 ஜூலையில் பாளையங்கோட்டையில் ஒரு ஆடிட்டரிடம் சேர்ந்தேன். புதிய திட்டப்படி இரண்டு வருடம்தான். முதல் வருடம் அங்கே. இரண்டாவது வருடம், 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை, கங்கைகொண்டானுக்கு அந்தப் பக்கம் ஒரு நூற்பாலையின் நிதிப் பிரிவில். காலையில் செங்கோட்டை பாசஞ்சரில் ஜங்ஷன் வந்து, அங்கிருந்து கம்பெனி பஸ்.

ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரு செலவைப் பார்க்கும்போது அது நடந்து முடிந்து பல மாதம் ஆகியிருக்கும். பில் இருக்கிறதா, வவுச்சரில் கையெழுத்து இருக்கிறதா, பேங்க் ஸ்டேட்மென்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்போம். அந்தப் பழக்கம் இல்லாமல் மில்லுக்குப் போயிருந்தால் திணறியிருப்பேன். ஆனால் அந்தப் பணத்தைக் கொடுத்த அன்று காலையில் யார் என்ன யோசித்தார்கள், வேறு யாருக்குக் கொடுக்காமல் இவருக்குக் கொடுத்தார்கள் என்பது எந்த வவுச்சரிலும் இருக்காது. மில்லில் நான் பார்த்தது அதைத்தான்.

முதல் மாதம் எனக்குப் பழக்கியது தேதிகள். 7-ஆம் தேதி டிடிஎஸ், அதாவது பிறருக்குக் கொடுத்த பணத்தில் பிடித்த வருமான வரி, அன்றே சம்பளம். 10-க்குள் பேங்குக்குக் கையிருப்புச் சரக்கைக் காட்டும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட். 11 ஜிஎஸ்டிஆர்-1 என்கிற விற்பனை விவர ரிட்டர்ன். 14-ஆம் தேதி, சப்ளையர்கள் காட்டிய ஜிஎஸ்டியின் பட்டியலான 2பி வந்ததும் எந்தச் சப்ளையர் ரிட்டர்ன் போடவில்லை என்று பார்த்து போன் போட வேண்டும், ஏனென்றால் அவர் போடாவிட்டால் நமக்கு வரவேண்டிய வரிக் கழிவு அந்த மாதம் வராது, அந்தத் தொகையை நாம் கையிலிருந்து கட்ட வேண்டும். 15 பிஎஃப், இஎஸ்ஐ. 20-ஆம் தேதி 3பி, ஜிஎஸ்டி கட்டும் ரிட்டர்ன். பரீட்சைக்காக மனப்பாடம் செய்த தேதிகள்தான் எல்லாம். அங்கே ஒவ்வொரு தேதியும் பேங்க் கணக்கிலிருந்து ஒரு தொகை கிளம்புகிற நாள்.

ஜூலையும் ஆகஸ்டும் நன்றாகப் போயின. மில்லுக்குப் பணகுடிப் பக்கம் சொந்தக் காற்றாலைகள் உண்டு. ஆடிக் காற்றில் அவை ஓடுகிற ஓட்டத்தில் மின்வாரிய பில் பாதிக்கும் கீழே இறங்கியது. செப்டம்பர் மாத லாப நஷ்டக் கணக்கை நான்தான் டைப் செய்தேன், லாபம் நன்றாகவே இருந்தது. அடுத்த வாரம் நிதி மேலாளர் என்னைக் கூப்பிட்டு, “டிசம்பர் முடிய வாரா வாரம் எவ்வளவு வரும், எவ்வளவு போகும், ஒரு ஷீட் போடும்மா” என்றார்.

போட்டேன். அக்டோபர் மூன்றாவது வாரத்தில் இருப்பு மைனஸில் போய் நின்றது. ஏதோ ஃபார்முலாவில் தப்பு என்று நினைத்து இரண்டு தடவை சரிபார்த்தேன். தப்பு இல்லை.

அக்டோபரில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். 31-ஆம் தேதி தீபாவளி. அதற்கு முன்னால் போனஸ் கொடுக்க வேண்டும். சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. அதே மாதம் புதுப் பஞ்சு வரத்து ஆரம்பம். நல்ல சரக்கு வரும்போது வாங்காமல் விட்டால் பிறகு அந்தத் தரம் கிடைக்காது. காற்று நின்றுவிட்டது, அதனால் கரண்ட் பில் முழுசாக வருகிறது. நூல் வாங்கின திருப்பூர், கரூர் பார்ட்டிகளுக்கும் அவர்கள் ஆட்களுக்குப் போனஸ் கொடுக்கவேண்டியிருக்கிறது, நம் பாக்கியைத் தீபாவளிக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடுகிறார்கள். நான்கும் மூன்று வாரத்துக்குள் வந்து விழுகின்றன. விற்பனை குறையவில்லை, லாபம் குறையவில்லை, கையில் மட்டும் பணம் இல்லை.

அன்று சாயங்காலம் ரயிலில் வரும்போது எங்கம்மாவை நினைத்துக்கொண்டேன். அம்மா வீட்டில் அப்பளம் போடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அப்பளம் காயாது. அதனால் புரட்டாசி வெயில் இருக்கும்போதே உளுந்து மாவு வாங்கி, கூலிக்கு ஆள் வைத்து, போட்டுக் காயவைத்து டப்பாவில் அடைத்துவிடுவார்கள். காசெல்லாம் புரட்டாசியில் போகும். கடைக்காரர்களிடமிருந்து மார்கழியிலும் தையிலும் திரும்பி வரும். நடுவில் இரண்டு மாதம் வீட்டில் நகை அடகுக்குப் போய்வரும். சின்ன வயதில் இருந்து பார்க்கிறேன், அம்மாவுக்கு நஷ்டம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மில்லின் ஷீட்டைப் போட்ட பிறகுதான் புரிந்தது, அது நடைமுறை மூலதனம். பாடப் புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயம் படித்து மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் நகை அடகுக்குப் போனதை அதோடு சேர்த்துப் பார்த்ததே இல்லை.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். போனால் முழு வருடம் போங்கள். பணத்துக்கும் பருவம் உண்டு. அது ஒரு சுற்று வந்து முடிவதைக் கூட இருந்து பார்க்க வேண்டும். இரண்டு மாத இன்டர்ன்ஷிப்பில், அதுவும் ஆடி மாதத்தில் வந்திருந்தால், அந்த மில்லைப் பணக்கஷ்டமே தெரியாத மில் என்று நினைத்துக்கொண்டு போயிருப்பேன்.

கேள்வி இருந்தால் கேளுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பதில் போடுகிறேன்.

பேட்டை ஆர்ட்டிகிள்
8 நவம்பர் 2025, இரவு 10:15

அக்கா, ரொம்ப நன்றி. நான் 2025 ஏப்ரலில் சேர்ந்தவன். எங்கள் சார் விடுவாரா என்று தெரியவில்லை. அவர் சம்மதம் இல்லாமல் போக முடியுமா? 9 மாதம் போதும் என்று ஒரு நண்பன் சொல்கிறான். எந்தக் கம்பெனிக்கு வேண்டுமானாலும் போகலாமா? ஸ்டைபண்ட் எப்படி?

கல்லிடைக்காரி
9 நவம்பர் 2025, இரவு 9:20

தம்பி, 9 முதல் 12 மாதம் வரை போக விதி அனுமதிக்கிறது, பயிற்சியின் கடைசி வருடத்தில் மட்டும். சிஏ இன்டர்மீடியட் பரீட்சை, அதாவது இன்டர், பாஸ் ஆகியிருக்க வேண்டும். உங்கள் பிரின்சிபாலுக்கு, அதாவது நீங்கள் பயிற்சி பெறும் ஆடிட்டருக்கு, குறைந்தது மூன்று மாதம் முன்னால் தெரிவிக்க வேண்டும். நீங்கள் ஏப்ரலில் போக நினைத்தால் டிசம்பர் முடிவதற்குள் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். வாயால் சொன்னால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். கம்பெனியோடு போடும் ஒப்பந்தம் படிவம் 104.

எந்தக் கம்பெனியும் ஆகாது. நிலையான சொத்து 1 கோடி, அல்லது விற்றுமுதல் 10 கோடி, அல்லது செலுத்திய பங்கு மூலதனம் 50 லட்சம், இதில் ஒன்றாவது இருக்க வேண்டும். நம் பக்கத்தில் பல மில்லுக்கும் ஏற்றுமதிக் கம்பெனிக்கும் அது இருக்கும். எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் வேறு. அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு சிஏவிடம்தான் நீங்கள் பயிற்சி பெற வேண்டும், அவர் தொடர்ந்து மூன்று வருடமாவது சிஏ இன்ஸ்டிடியூட் உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். அவர் அசோசியேட் உறுப்பினர் என்றால் ஒருவரைத்தான் எடுக்கலாம், அதற்கு மேற்படியான ஃபெல்லோ என்றால் இரண்டு பேர். நெல்லையில் பல கம்பெனிகளில் அனுபவசாலியான அக்கவுண்டன்ட் இருப்பார், சிஏ இருக்கமாட்டார். நான் கேட்டுப் போன முதல் இரண்டு இடமும் அப்படித்தான் கைநழுவின.

ஸ்டைபண்ட் ஆடிட்டர் அலுவலகத்தைவிட எனக்கு அதிகம் கிடைத்தது. ரயில் சீசன் டிக்கெட், மதியச் சாப்பாடு போகக் கையில் நின்றது. முதல் இரண்டு மாதம் தாமதமாக வந்தது, கேட்ட பிறகு சரியானது. சேரும்போதே தேதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வண்ணார்பேட்டை சிஏ
9 நவம்பர் 2025, இரவு 10:05

நான் பிராக்டீஸில் இருப்பவன், பதினெட்டு வருடம் ஆகிறது. தங்கை நன்றாக எழுதியிருக்கிறார், அவர் கற்றுக்கொண்டது உண்மையான பாடம். ஆனாலும் மறுபக்கம் ஒருவர் சொல்ல வேண்டும்.

மில்லுக்குப் போனால் ஒரு வருடத்தில் ஒரே ஒரு தொழிலைப் பார்ப்பீர்கள். என் அலுவலகத்தில் ஒரு மாணவர் அதே ஒரு வருடத்தில் அரிசி ஆலை, முக்கூடல் பீடிக் கம்பெனி, டவுனில் நகைக்கடை, ஒரு ஆஸ்பத்திரி, ஒரு கல்வி அறக்கட்டளை, இத்தனையையும் பார்ப்பார். வருமான வரி நோட்டீஸ் வந்தால் அதற்குப் பதில் எழுதப் பழகுவார். அந்தப் பழக்கம் கடைசி வருடத்தில்தான் கைவரும், முதல் வருடம் முழுக்க வவுச்சர்தான். அதாவது பழம் பழுக்கிற நேரத்தில் மரத்தை விட்டுப் போகிறீர்கள். பாளையங்கோட்டையிலோ தென்காசியிலோ சொந்தமாக போர்டு மாட்டப் போகிறவர்கள் போக வேண்டாம் என்பதே என் கருத்து.

இன்னொன்று விடுப்பு. புதிய திட்டத்தில் வருடத்துக்கு 12 நாள், மொத்தம் 24 நாள்தான். கம்பெனியில் மார்ச், ஏப்ரலில் அதுவும் எடுக்க முடியாது.

கல்லிடைக்காரி
9 நவம்பர் 2025, இரவு 10:50

சார், நீங்கள் சொல்வதில் பெரும்பகுதியை ஒத்துக்கொள்கிறேன். நோட்டீஸுக்குப் பதில் எழுதும் பழக்கம் எனக்குக் குறைவுதான், என் கூடப் படித்தவர்கள் என்னைவிட முன்னால் இருக்கிறார்கள். பிராக்டீஸ் செய்யப் போகிறவர்கள் யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து. முதல் வருடம் உங்களைப் போன்ற ஒருவரிடம் இருக்கும்போது, வாடிக்கையாளர் ஏன் ஜிஎஸ்டியைத் தாமதமாகக் கட்டுகிறார் என்று எனக்குக் கோபம் வரும், அலட்சியம் என்று நினைப்பேன். இப்போது அப்படி நினைக்க முடியாது. 20-ஆம் தேதி காலையில் வரியைக் கட்டுவதா, பஞ்சுக்காரருக்குக் கொடுப்பதா என்று உட்கார்ந்து யோசிக்கும் ஒருவரின் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். நாளைக்கு நானே ஆடிட்டர் ஆனாலும் அந்த நாற்காலி எனக்கு உதவும் என்று நம்புகிறேன்.

வண்ணார்பேட்டை சிஏ
9 நவம்பர் 2025, இரவு 11:10

அது சரி. அதை நான் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை.

துறைமுகத்தான்
10 நவம்பர் 2025, காலை 7:30

எனக்கு நடந்ததையும் எழுதுகிறேன், புதிதாகப் போகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும். தூத்துக்குடியில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் ஒரு வருடம் இருந்தேன். பெயர் வேண்டாம். முதல் நாள் ஒரு ஸ்கேனர் பக்கத்தில் உட்காரவைத்தார்கள், கடைசி நாளும் அதே ஸ்கேனர்தான். ஷிப்பிங் பில், இ-வே பில், பேங்க் அட்வைஸ், எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஃபோல்டரில் போடுவது. எல்.சி (வாங்குபவரின் பேங்க் தரும் பண உறுதிக் கடிதம்) டாக்குமென்ட் என் கை வழியாக நூற்றுக்கணக்கில் போயிருக்கிறது, ஒன்றையாவது யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை. பயிற்சி கொடுக்க வேண்டிய சார் மாதத்தில் பாதி நாள் சென்னையில் இருப்பார். முடித்து வெளியே வந்து ஒரு இன்டர்வியூவில், “கப்பல் ஏறிய தேதிக்கும் எல்.சியில் போட்டிருக்கும் கடைசித் தேதிக்கும் வித்தியாசம் வந்தால் என்ன ஆகும்?” என்று கேட்டார்கள். என்னால் சொல்ல முடியவில்லை. அந்தத் தேதிகளை ஒரு வருடம் ஸ்கேன் செய்தவன் நான். இன்றைக்கும் அது மனதில் உறுத்துகிறது.

கல்லிடைக்காரி
10 நவம்பர் 2025, இரவு 9:15

அண்ணா, படிக்கவே கஷ்டமாக இருந்தது. உங்கள் மேல் தப்பில்லை. அந்த ஒரு வருடத்தை உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பேட்டைத் தம்பி இதைக் கவனிக்க வேண்டும். சேருவதற்கு முன்னாலேயே எந்தெந்தப் பிரிவில் எத்தனை மாதம் என்று கேட்டு மெயிலில் வாங்கிவிடுங்கள். எனக்கு மூன்று மாதம் பில் பாஸிங்கும் வரியும், மூன்று மாதம் பேங்க் வேலை, மூன்று மாதம் காஸ்டிங் என்கிற அடக்க விலைக் கணக்கு, கடைசி மூன்று மாதம் வருட முடிப்பும் ஆடிட்டும் என்று சொல்லி எடுத்தார்கள். அப்படியே நடக்கவில்லை, பேங்க் வேலையே ஐந்து மாதம் இழுத்தது. ஆனாலும் எழுத்தில் இருந்ததால், “சார், காஸ்டிங் எப்போது?” என்று போய்க் கேட்க எனக்கு வாய் வந்தது.

விகேபுரம் கணக்கர்
10 நவம்பர் 2025, இரவு 10:30

நான் மில் கணக்குப் பிரிவில் முப்பத்தி நான்கு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். இந்தப் பிள்ளை எழுதினதைப் படித்ததும் எழுத வேண்டும்போல இருந்தது.

கல்லிடைக்காரி அம்மா, காற்று நின்றால் பணம் இறுகும் என்று எழுதியிருக்கிறாய். இந்தப் பக்கம் மில் தொழிலே அந்த ஒரு கணக்கில்தான் நிற்கிறது. 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் மில் போட்டது எதற்காக? அருவித் தண்ணீர் மிஷினை ஓட்டும், நிலக்கரிச் செலவு மிச்சம். ஒரு மில்லை எங்கே வைப்பது என்பதே முதலில் நிதிக் கணக்கு. நூறு வருடம் கழித்து எங்கள் முதலாளிகள் காற்றாலை வாங்கினதும் அதே கணக்குதான். செங்கோட்டைக் கணவாயும் ஆரல்வாய்மொழிக் கணவாயும் நமக்குக் கொடுத்த சொத்து அந்தக் காற்று.

கரண்ட் மிச்சம் என்பது பாதிக் கதை. மீதி வரியில் இருந்தது. காற்றாலையின் விலையில் முதல் வருடத்திலேயே 80 சதவீதம் வரை தேய்மானச் செலவாக எழுதலாம் என்று இருந்தது. லாபம் வந்த வருடத்தில் ஒரு காற்றாலை வாங்கினால் வரி அந்த அளவுக்குக் குறையும். மார்ச் மாதத்துக்குள் மிஷினை ஓட்டிக் காட்ட வேண்டும் என்று நாங்கள் ராதாபுரம் பக்கம் ராத்திரி பகலாக நின்றிருக்கிறோம். 2012-ல் அதை நிறுத்தினார்கள், 2014-ல் திரும்பக் கொடுத்தார்கள், 2017 ஏப்ரலில் இருந்து 40 என்று ஆக்கிவிட்டார்கள். நீ பார்த்த மில்லின் காற்றாலைகள் எந்த வருடத்தவை என்று பார்த்தால், எந்த வருடம் அந்த மில் நன்றாகச் சம்பாதித்தது என்று சொல்லிவிடலாம்.

கார்ப்பரேட் பைனான்ஸ் என்றால் பம்பாய், சென்னை சமாச்சாரம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தபோது 10 லட்சம் ரூபாய் மூலதனம், 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு என்று போட்டார். ஊர் ஊராகப் போய்ப் பங்கு விற்றார். எதிர்க் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கியது, கையில் பணம் இருக்கிறவன் நஷ்டத்தைத் தாங்குவான் என்று தெரிந்துதான். தூத்துக்குடியில் 1921-ல் தொடங்கிய மெர்க்கன்டைல் பேங்க் 2022-ல்தான் பங்குச் சந்தைக்கு வந்தது. அதன் ஆண்டறிக்கையை எடுத்துப் படியுங்கள். நம் ஊர்க் கடைக்காரர்களின் கடன் எப்படி இருக்கிறது என்பது அதில் தெரியும்.

கல்லிடைக்காரி
11 நவம்பர் 2025, இரவு 9:05

அண்ணாச்சி, வணக்கம். நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். நான்கு காற்றாலை 2006-லும், இரண்டு 2011-லும் வாங்கியவை. பழைய இயந்திரங்கள் என்பதால் மிஞ்சுகிற யூனிட்டை வாரியத்திடம் சேமித்துவைத்துப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று மேலாளர் சொன்னது இப்போது சேர்ந்து புரிகிறது. இந்த மாதிரி சொல்ல எங்களுக்கு ஆள் இல்லை. நீங்கள் இன்னும் எழுத வேண்டும்.

பேட்டை ஆர்ட்டிகிள்
11 நவம்பர் 2025, இரவு 9:45

அக்கா, பேங்க் வேலை ஐந்து மாதம் என்றீர்களே, அதில் என்ன செய்வீர்கள்? ஸ்டாக் ஸ்டேட்மென்ட் என்றால் டேலி கணக்கு மென்பொருளில் இருந்து ஸ்டாக்கை எடுத்து பேங்குக்கு அனுப்புவதுதானே?

கல்லிடைக்காரி
12 நவம்பர் 2025, இரவு 9:30

நானும் அப்படித்தான் நினைத்தேன் தம்பி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் அங்கே செய்த பெரிய தப்பு இதில்தான்.

மில்லுக்குப் பேங்கில் கேஷ் கிரெடிட் உண்டு, சரக்கையும் பாக்கியையும் காட்டி வேண்டியபோது எடுத்துக் கட்டுகிற கடன். வரம்பு எவ்வளவு இருந்தாலும் அந்த மாதம் எவ்வளவு எடுக்கலாம் என்பது கையிருப்புச் சரக்கையும் வரவேண்டிய பாக்கியையும் பொறுத்தது. எங்கள் பேங்கில் சரக்கின் மதிப்பில் 25 சதவீத மார்ஜின் கழிப்பார்கள், 90 நாளுக்கு மேற்பட்ட பாக்கியைச் சேர்க்கமாட்டார்கள். மிஞ்சுவதுதான் டிராயிங் பவர்.

ஆகஸ்டில் முதல் தடவையாக நான் தயார் செய்தேன். கணினியில் இருந்த பஞ்சு எல்லாவற்றையும் சேர்த்து, விலை போட்டு, கொண்டுபோய்க் கொடுத்தேன். மேலாளர் ஒரே ஒரு வரியில் விரலை வைத்தார். குஜராத்திலிருந்து வந்த சங்கர்-6 ரகப் பஞ்சு, 200 பேல்.

“இதுக்குத் துட்டு குடுத்தாச்சாம்மா?”

“இல்ல சார், அடுத்த மாசம் 5-ஆம் தேதி குடுக்கணும்.”

“அப்ப இது நம்ம பஞ்சா, அவன் பஞ்சா?”

எனக்குப் பதில் வரவில்லை. ஒரு பேல் 170 கிலோ. 200 பேல் என்றால் 34,000 கிலோ. கண்டிக்கு 356 கிலோ வீதம் ஏறக்குறைய 95 கண்டி. அப்போது கண்டி 57,000 ரூபாய் போட்டிருந்தேன். 54 லட்சத்துக்குச் சரக்கு, மார்ஜின் போக 40 லட்சத்துக்கு மேல். காசு கொடுக்காத சரக்கைக் காட்டி அந்த 40 லட்சத்தைக் கடன் வாங்கலாம் என்று நான் பேங்குக்கு எழுதிக் கொடுக்க இருந்தேன். சப்ளையருக்கு நாம் கொடுக்கவேண்டிய பாக்கியைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும். அந்த மேலாளர் சத்தம் போடவில்லை. “பேங்க் நம்மள நம்பி இந்தத் தாள வாங்குதான். ஒரு மாசம் கூடக் காட்டினா அடுத்த மாசமும் கூடக் காட்டணும்” என்று மட்டும் சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

இது மேலாளரின் நல்ல குணத்தோடு நிற்கிற விஷயமும் இல்லை. 5 கோடிக்கு மேல் நடைமுறை மூலதனக் கடன் வரம்பு உள்ள கம்பெனியில், பேங்குக்குக் கொடுத்த காலாண்டு விவரமும் கணக்குப் புத்தகமும் ஒத்துப்போகிறதா என்று ஆடிட்டர் தன் அறிக்கையில், அதில் என்னென்ன சொல்ல வேண்டும் என்று விதிக்கும் 2020-ஆம் வருடத்து காரோ உத்தரவின்படி, தனியாக எழுத வேண்டும். ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கும்போது அந்தக் கேள்விக்கு நான் டிக் போட்டிருக்கிறேன்.

மறுநாள் என்னை கோடவுனுக்கு அனுப்பினார்கள். கணினி எண் சரிதானா என்று எண்ணிப் பார்க்கச் சொல்லி. தகரக் கூரை, உள்ளே பஞ்சு மணம், வெளிச்சம் கூரை ஓரத்து இடுக்கில் மட்டும். பேல்களை மேலே மேலே அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றின் முகத்திலும் லாட் எண் மையால் எழுதியிருந்தது. நான் தரையில் நின்று நீளத்தில் 12, அகலத்தில் 5, உயரத்தில் 4 என்று எண்ணி, 240 என்று நோட்டில் எழுதினேன். கோடவுன் பார்க்கும் பெரியவர் பீடியைக் காதில் செருகியபடி நின்றுகொண்டிருந்தார். “கீழ நின்னு பெருக்காதிய. மேல ஏறிப் பாருங்க” என்றார். ஏணி போட்டுப் பிடித்துக்கொண்டார். ஏறிப் பார்த்தால் நடுவில் ஒரு குழி. மிக்ஸிங்குக்கு வேண்டிய லாட் நடுவில் இருந்ததால் மேலிருந்தே இறங்கி எடுத்திருக்கிறார்கள். 14 பேல் இல்லை. வெளியே நான்கு பக்கமும் சுவர் மாதிரி நிற்கிறது. கணினியில் சரியாக 226 என்றுதான் இருந்தது. தப்பு என் பெருக்கலில்.

ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்தபோது ஒரு ஸ்டாக் சரிபார்ப்புக்குப் போய் அப்படித்தான் கீழே நின்று பெருக்கிவிட்டு வந்தேன். அது இப்போது நினைத்தால் மனதுக்குச் சங்கடமாக இருக்கிறது.

சேரை பிகாம்
13 நவம்பர் 2025, மாலை 6:10

அக்கா, நான் சிஏ இல்லை. பிகாம் மூன்றாம் வருடம். எங்களைப் போன்றவர்களுக்கு இப்படி ஒரு வருடம் கிடைக்குமா?

விகேபுரம் கணக்கர்
13 நவம்பர் 2025, இரவு 8:00

கிடைக்கும் தம்பி. நாட்ஸ் என்று மத்திய அரசின் அப்ரண்டிஸ் திட்டம் இருக்கிறது. பட்டம் முடித்தவர்களுக்கு ஒரு வருடம். வணிகவியல் பட்டதாரிகளும் போகலாம், உதவித்தொகையில் ஒரு பகுதியை அரசு கொடுக்கிறது. இணையத்தில் பதிந்துவிட்டு, ஊரில் எந்தக் கம்பெனி அதில் இருக்கிறது என்று தேடு. முடிந்தால் கணக்குப் பிரிவு என்று கேட்டுச் சேர்.

மூன்றடைப்பு அப்பா
13 நவம்பர் 2025, இரவு 9:00

என் மகள் இன்டர் முடித்திருக்கிறாள். மில்லில் பெண் பிள்ளைகள் ராத்திரி எத்தனை மணி வரை இருக்கவேண்டி வரும்? அதுதான் எங்கள் வீட்டில் பேச்சு.

கல்லிடைக்காரி
13 நவம்பர் 2025, இரவு 9:40

ஐயா, சாதாரண நாளில் ஆறு மணிக்குக் கம்பெனி பஸ், எட்டு மணிக்குள் வீடு. மார்ச் கடைசி வாரம் மட்டும் நேரமாகும். அந்த வாரம் என்னைப் பாளையங்கோட்டையில் சித்தி வீட்டில் தங்கச் சொன்னார்கள், கம்பெனி காரிலேயே கொண்டுவந்து விட்டார்கள்.

அந்த வாரம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கின சரக்குக்கும் வேலைக்கும் 45 நாளுக்குள், எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாளுக்குள், பணம் கொடுக்க வேண்டும். தாண்டினால் கொடுக்கிற வருடத்தில்தான் அந்தச் செலவை வரிக்குக் கழிக்க முடியும், 1961 வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு. 2023-24 நிதியாண்டில் இருந்து இது நடைமுறையில் இருக்கிறது. மார்ச் மாதம் முழுக்க நான் சப்ளையர்களுக்குப் போன் போட்டு, குறு, சிறு நிறுவனமாகப் பதிந்ததற்கான உத்யம் சான்றிதழ் கேட்டேன். யார் உற்பத்தியாளர், யார் வெறும் வியாபாரி என்று பிரித்தேன், வியாபாரிகளுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. உதிரி பாகம் செய்து தரும் ஒரு சின்னப் பட்டறைக்காரர் மூன்று மாதப் பாக்கிக்காக நடையாய் நடந்துகொண்டிருந்தார். மார்ச் 28-ஆம் தேதி அவருக்குப் பணம் போனது. போனில் அவர் ஒன்றும் பேசவில்லை, “சரிம்மா, சரிம்மா” என்று இரண்டு தடவை சொன்னார். அம்மாவின் குரல் மாதிரி இருந்தது. சட்டத்தின் ஒரு உட்பிரிவு ஒரு வீட்டுக்குள் போவதை அன்றுதான் கேட்டேன்.

உங்கள் மகளை அனுப்புங்கள் ஐயா. சேருவதற்கு முன்னால் நீங்களும் ஒரு தடவை போய் இடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பேட்டை ஆர்ட்டிகிள்
19 டிசம்பர் 2025, இரவு 8:50

அக்கா, சாரிடம் கடிதம் கொடுத்துவிட்டேன். முதலில் முகம் சுருங்கியது, பிறகு, “போய் உருப்படியாகக் கத்துக்கிட்டு வா” என்று வாங்கிக்கொண்டார். கயத்தாறு பக்கம் ஒரு மில், சிஏ இருக்கிறார். ஏப்ரல் 1-ல் சேரச் சொல்கிறார்கள். ஏப்ரலில் சேர்ந்தால் மார்ச் 31-ல் முடிந்துவிடும், கணக்கு முடிப்பதைப் பார்க்க முடியாதே என்று ஒரு கவலை. முதல் நாள் என்ன கொண்டுபோக வேண்டும்?

கல்லிடைக்காரி
19 டிசம்பர் 2025, இரவு 9:35

ரொம்ப சந்தோஷம் தம்பி. கவலை வேண்டாம், ஏப்ரலில் போனால் முந்தின வருடக் கணக்கை முடிக்கும் வேலை உங்களுக்காகக் காத்திருக்கும், முதல் வாரமே அதில் உட்காரக் கேளுங்கள். அக்டோபர் வரும்போது வாராந்தரப் பண ஷீட்டை நீங்களே போடுவதாகச் சொல்லுங்கள்.

ஒரு தடித்த நோட்டு கொண்டுபோங்கள். கறுப்புச் சட்டை போடாதீர்கள், பஞ்சு ஒட்டினால் போகாது. கோடவுனுக்குக் காலை ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள், ஏப்ரலில் மதியம் அந்தத் தகரத்துக்குக் கீழே நிற்க முடியாது. ஏணி எங்கே இருக்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.